வேலையில் இருப்பவருக்கு ஒரு பள்ளி

புனே நகரின் வடமேற்கில், முளா ஆற்றை ஒட்டி இருக்கும் கட்கி, பாடப்புத்தகங்களில் ஒரு போர்க்களத்தின் பெயராக மட்டுமே வரும். 1817 நவம்பர் 5 அன்று பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் படையும் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையும் அங்கே மோதின. பேஷ்வா ஆட்சியின் கடைசி அத்தியாயம் அன்று தொடங்கியது. அதன்பிறகு கட்கி கன்டோன்மென்ட் ஆனது. 1869-ல் வெடிமருந்து ஆலையான அம்யூனிஷன் ஃபேக்டரி வந்தது. பம்பாய் சாப்பர்ஸ் எனப்படும் பொறியாளர் படைப்பிரிவுக்குக் கட்கியே தலைமையிடம் ஆனது. படையும் ஆலையும் இருக்கும் இடத்துக்குப் பல திசைகளிலிருந்தும் குடும்பங்கள் வந்து சேரும். மராத்தியரோடு தமிழரும் தெலுங்கரும் உருது பேசுவோரும் இந்தி பேசுவோரும் தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்கிறார்கள். இப்படிப்பட்ட ஊரில் ஒரு பொது நூலகத்தின் மேசைக்குப் பின்னால் உட்காருபவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும், அதை அவருக்கு யார் கற்றுத் தருவது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. விடை வரலாற்றில் இருக்கிறது. இந்தியாவில் நூலகப் பயிற்சி தொடங்கியபோது அது ஏற்கெனவே வேலையில் இருப்பவருக்கான பயிற்சியாகத்தான் தொடங்கியது. வேலைக்குள் நுழைவதற்கு ஒருமுறை வாங்கி வைத்துக்கொள்ளும் சான்றிதழாக அது சுருங்கியது பின்னால் நடந்தது. அந்தச் சுருக்கத்தால் அதிகம் இழந்தவை கட்கி போன்ற ஊர்களே.

கட்கியைச் சுற்றி இரண்டு வாசிப்பு மரபுகள் இருந்தன. ஒன்று படையினுடையது. 1820-களிலிருந்து கம்பெனி தன் ஐரோப்பியப் படைவீரர்களுக்காகப் படை நிலையங்களில் சிறு நூலகங்களை அமைத்தது. குடியிலிருந்தும் வேலையற்ற பகல்களிலிருந்தும் வீரர்களைக் காப்பது அதன் நோக்கம். 1863-ல் இந்தியப் படையின் சுகாதார நிலையை ஆராய்ந்த அரச ஆணையத்தின் அறிக்கை வந்தபோது ஃபுளாரன்ஸ் நைட்டிங்கேலும் இதையே வலியுறுத்தினார்: செய்வதற்கு ஒன்றுமில்லாத வீரன் நோயாளியாகிறான், அவனுக்கு வாசகசாலை வேண்டும் என்பது அவர் வாதத்தின் ஒரு பகுதி. மற்றொன்று புனே நகரத்தினுடையது. 1848-ல் புத்வார் வாடாவில் பூனா நேட்டிவ் ஜெனரல் லைப்ரரி தொடங்கப்பட்டது. ‘லோகஹிதவாதி’ கோபால் ஹரி தேஷ்முக் அதன் பின்னால் நின்றவர்களில் முக்கியமானவர். இன்று புனே நகர் வாசன் மந்திர் என்ற பெயரில் அது தொடர்கிறது. முதல் மரபு மேலிருந்து வந்தது. இரண்டாவது படித்தவர்கள் சந்தா கட்டித் தாங்களே உருவாக்கியது. ஆலையில் வேலை செய்யும் தொழிலாளி இரண்டுக்கும் வெளியே இருந்தார். நூலகர் என்பவர் தனித் தேர்ச்சி வேண்டிய ஆள் என்ற எண்ணம் இரண்டிலுமே இல்லை. புத்தகத்தைப் பூட்டி வைத்து, கேட்டால் எடுத்துக் கொடுத்து, பதிவேட்டில் எழுதிக்கொள்ள ஒருவர் இருந்தால் போதும் என்றே இரண்டும் கருதின.

அந்த எண்ணத்தை முதலில் உடைத்தது பரோடா. அதன் மன்னர் மூன்றாம் சாயாஜிராவ் கெய்க்வாட் அமெரிக்கப் பயணத்தில் அங்கிருந்த பொது நூலகங்களைக் கண்டு, வில்லியம் ஆலன்சன் போர்டன் என்ற அமெரிக்க நூலகரைத் தன் சமஸ்தானத்துக்கு 1910-ல் அழைத்து வந்தார். போர்டன் 1911-ல் நடத்திய வகுப்புதான் இந்தியாவின் முதல் நூலகப் பயிற்சி வகுப்பு. ஊர்கள்தோறும் நூலகம் பரவிக்கொண்டிருந்த வேளையில், அந்த நூலகங்களை நடத்தப் போகிறவர்களுக்காகவே அது நடந்தது. மக்கள் ஒரு பங்கு, உள்ளாட்சி ஒரு பங்கு, அரசு ஒரு பங்கு என்று செலவைப் பகிர்ந்த அத்திட்டத்தில் நூலகர் ஊராருக்கும் பதில் சொல்ல வேண்டியவர். ‘லைப்ரரி மிசலேனி’ என்ற இதழ் 1912 முதல் ஆங்கிலம், குஜராத்தி, மராத்தி என மூன்று மொழிகளில் வந்தது. ஊர் நூலகர் தன் மொழியில் தன் தொழிலைப் படிக்க வேண்டும் என்று அன்றே ஒருவர் நினைத்திருக்கிறார் என்பது நிறைவு தருகிறது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காகப் பரோடா நூலகத் துறை காட்சிப் பிரிவு ஒன்றையே வைத்து, படவிளக்கும் திரைப்படமும் கொண்டு ஊர்களுக்குப் போனது. வாசகர் வரும்வரை காத்திராமல், வாசகர் அல்லாதவரைத் தேடிப் போவதும் நூலகரின் வேலை என்ற பாடம் இது.

பரோடாவுக்குப் பின் 1915-ல் லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகத்துக்காக ஏசா டான் டிக்கின்சன் ஒரு வகுப்பு தொடங்கினார். இவற்றைவிட நம் கேள்விக்கு நெருக்கமானது ஆந்திரத்தில் நடந்தது. அய்யங்கி வெங்கட ரமணய்யாவின் முயற்சியால் 1914-ல் உருவான ஆந்திர நூலகச் சங்கம் 1920-ல் பெஜவாடாவில் நூலகர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தியது. அரசரோ பல்கலைக்கழகமோ அதற்குப் பின்னால் இல்லை. ஊர் நூலகங்களை நடத்தியவர்களே கூடி, தங்களில் அனுபவம் உள்ளவரிடமிருந்து கற்றுக்கொண்டார்கள். மகாராஷ்டிரத்திலும் 1921-ல் நூலகச் சங்கம் அமைந்தது. ஆனால் ஆந்திரத்தின் வகுப்புக்கு இணையான வேகம் புனே பக்கம் அப்போது பிறக்கவில்லை.

சென்னைக்கு வருவோம். 1924 ஜனவரியில் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற சீர்காழிக்காரர் எஸ்.ஆர்.ரங்கநாதன் அதுவரை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர்; நூலகத் தொழிலில் பயிற்சி ஏதும் இல்லாதவர். அவரும் பணியில் அமர்ந்த பிறகே கற்றார். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் சேர்ந்த அவரை, அங்கே கற்பித்த பெர்விக் சேயர்ஸ் வகுப்பறையோடு நிறுத்தவில்லை. தான் தலைமை நூலகராக இருந்த குராய்டன் பொது நூலகத்துக்கு அழைத்துப் போனார், மற்ற நூலகங்களையும் பார்க்கத் தூண்டினார். நூற்றுக்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் நூலகங்களை ரங்கநாதன் நேரில் கண்டார். தொழிலாளிக்கும் குழந்தைக்கும் வீட்டுப் பெண்ணுக்கும் நூலகம் என்ன செய்கிறது என்பது அங்கேதான் அவருக்குப் பிடிபட்டது. பின்னால் நூலகவியலின் ஐந்து விதிகளாக அவர் வகுத்தவற்றின் ஊற்று, வகுப்பு நோட்டில் இருந்ததைவிட இந்தப் பயணங்களில் அதிகம் இருந்தது என்பது என் கணிப்பு. 1928-ல் சென்னை நூலகச் சங்கம் பிறந்தது. அதே ஆண்டின் இறுதியில் அண்ணாமலை நகரில் நடந்த கல்வி மாநாட்டில் ஐந்து விதிகளை அவர் முதன்முதலாக முன்வைத்தார். 1929 கோடையில் சங்கம் நூலகப் பள்ளியைத் தொடங்கியது.

கோடை என்ற அந்தச் சொல்லில்தான் அந்தப் பள்ளியின் நோக்கம் அடங்கியிருக்கிறது. பள்ளி, கல்லூரிகளில் விடுமுறை விடும் மாதத்தில், ஏற்கெனவே வேலையில் இருக்கும் ஒருவர் வந்து கற்று, ஜூன் மாதம் தன் இடத்துக்கே திரும்பிப் போய் அதைச் செய்து பார்க்க முடியும். கற்றது சரியா தவறா என்று அடுத்த நாளே அவருடைய வாசகர் சொல்லிவிடுவார். இதே காலத்தில் இதே சங்கத்தைச் சுற்றி நடந்த இன்னொரு முயற்சியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1931 அக்டோபரில் மன்னார்குடி அருகே மேலவாசலில் எஸ்.வி.கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டி நூலகம் ஒன்றைத் தொடங்கினார். வண்டி ஓர் ஊருக்குள் நுழைகிறது என்று வைத்துக்கொள்வோம். உடன் வந்தவர் செய்ய வேண்டிய வேலைகளை எண்ணிப் பாருங்கள்: வண்டியை நிறுத்துவதற்கு எல்லாத் தெருவாரும் தயக்கமின்றி வரக்கூடிய இடத்தைத் தேர்வது, படிக்கத் தெரியாதவர்களைக் கூட்டி வாசித்துக் காட்டுவது, போன முறை எடுத்தவர் திருப்பித் தராவிட்டால் முகம் கோணாமல் கேட்பது, அடுத்த முறை விவசாயம் பற்றி என்ன கொண்டுவர வேண்டும் என்று குறித்துக்கொள்வது. பகுப்பு எண் எழுதத் தெரிந்தவருக்கு இவையெல்லாம் தானாக வந்துவிடாது. ஊரிடமிருந்தும், இதே வேலையைச் செய்யும் இன்னொருவரிடமிருந்தும்தான் கற்க வேண்டும்.

பள்ளியின் போக்கு விரைவிலேயே மாறியது. 1931-ல் சென்னைப் பல்கலைக்கழகம் அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. 1937-ல் அது பட்டதாரிகளுக்கான ஓராண்டுப் பட்டயப் படிப்பானது. 1940-களில் பம்பாயிலும் பிறகு புனேயிலும் பல்கலைக்கழகப் படிப்புகள் வந்தன. தொழிலுக்கு மதிப்பு கூடியது என்பதில் ஐயமில்லை. ஆனால் படிப்பு முழு ஆண்டுக்கு நீண்டதும் வேலையை விட்டு வர முடியாதவர் வெளியே போனார். பட்டம் தகுதியானதும் பள்ளிப்படிப்போடு ஊர் நூலகத்தை நடத்தியவர் வெளியே போனார். ஆங்கிலம் பயிற்று மொழியானதும், ஊர் மொழியில் மட்டும் திறமாக இயங்கியவரும் வெளியே போனார். இப்படி நீங்கிய மூன்று வகையினருமே பொது நூலகங்களில் இருந்தவர்கள். கல்லூரி நூலகங்களில் இருந்தவர்களுக்கு இம்மாற்றம் ஏணியாக அமைந்தது.

மகாராஷ்டிரத்தின் நூலகக் கட்டமைப்பு உருவானது இந்தப் பின்னணியில்தான். இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1945-ல் கோலாப்பூர் சமஸ்தானத்தில் வந்தது என்பது அம்மண்ணுக்கு உள்ள பெருமை. அதற்கு முன்பே, 1939-ல் பம்பாய் மாகாண அரசு சட்ட அறிஞர் ஆசப் ஃபைஸி தலைமையில் அமைத்த குழு, பம்பாயில் மைய நூலகம், புனே, அகமதாபாத், தார்வாடில் வட்டார நூலகங்கள், அவற்றுக்குக் கீழே மாவட்டம், தாலுகா, கிராமம் என்று ஒரு படிநிலையை வரைந்து கொடுத்திருந்தது. போரினால் அது தள்ளிப் போய், 1940-களின் பிற்பாதியில் பகுதி பகுதியாகச் செயலுக்கு வந்தது. 1967-ன் மகாராஷ்டிரப் பொது நூலகச் சட்டம் வேறொரு வழியைத் தேர்ந்தது. சென்னை மாகாணம் 1948-ல் செய்ததுபோல் சொத்து வரியோடு நூலக வரி விதித்து அரசே நூலகம் நடத்துவதைவிட, மக்கள் சங்கமாகக் கூடி நடத்தும் வாசகசாலைகளுக்கு அங்கீகாரமும் மானியமும் தருவது அதன் முறை. அ, ப, க, ட என்ற தரவரிசை அப்படி வந்தது. இன்று அந்த மாநிலத்தில் அங்கீகாரம் பெற்ற நூலகங்கள் பல ஆயிரம். லோகஹிதவாதி காலத்துச் சந்தா மரபை அழிக்காமல் அரசுப் பணத்தோடு இணைத்த சட்டம் அது. அந்த வகையில் மதிக்கத்தக்கது. ஆனால் மானியத்துக்காக ஒரு நூலகத்தைப் பரிசோதிக்க வருபவர் எளிதில் எண்ணக்கூடியவை என்ன? நூல்கள், வரவழைக்கும் நாளிதழ்கள், பருவ இதழ்கள், உறுப்பினர், திறந்திருக்கும் நேரம். நூலகர் சென்ற ஆண்டைவிட இந்த ஆண்டு என்ன புதிதாகக் கற்றார் என்பது எண்ணிக்கைக்குள் அகப்படாது. எண்ணப்படாதது காலப்போக்கில் கேட்கப்படாததும் ஆகிறது.

கட்கிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கன்டோன்மென்ட் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வரும் உள்ளாட்சி. 2006-ன் கன்டோன்மென்ட் சட்டத்தில் நூலகம் அமைப்பது வாரியம் விரும்பினால் செய்யக்கூடிய பணிகளில் ஒன்று. குடிநீரும் துப்புரவும் போலக் கட்டாயப் பணி அல்ல. நூலகக் கொள்கை மாநிலத்தினுடையது, உள்ளாட்சி ஒன்றியத்தினுடையது, படைக்கும் ஆலைக்கும் உள்ள வாசகசாலைகள் அந்தந்த நிறுவனத்தினுடையவை. நூலகர் வளர்ச்சி யார் கணக்கில் வரும் என்று கேட்டால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காட்ட இடமிருக்கிறது.

தமிழ்நாட்டின் வழி இந்தக் குறையைத் தீர்த்துவிட்டதா? முழுமையாக இல்லை. 1948-ன் சட்டம் நூலகருக்கு அரசு சார்ந்த நிரந்தரப் பணியைத் தந்தது. இது பெரிய காரியம். ஆனால் நீண்ட காலம் பொதுக்கல்வித் துறையின் ஓர் ஓரமாகவே பொது நூலகம் இருந்தது. 1972-ல் தனி இயக்ககம் உருவானபோது வே.தில்லைநாயகம் அதன் இயக்குநரானார். நூலகத் தொழிலிலேயே பயின்று வந்த ஒருவர் அந்த நாற்காலியில் அமர்ந்தது அப்போதுதான் முதல் முறை. நூலகவியலைத் தமிழில் எழுதிக் குவித்தவர் அவர். ஊர் நூலகர் தன் தொழிலைத் தன் மொழியில் கற்க வேண்டும் என்ற பரோடாவின் எண்ணத்துக்கு, தெரிந்தோ தெரியாமலோ, அவரே வாரிசு. 2006-க்குப் பின் அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் 12,600-க்கும் மேற்பட்ட ஊராட்சிகளுக்கு நூலகக் கட்டடங்கள் கட்டப்பட்டன. கட்டடமும் நூல்களும் போய்ச் சேர்ந்த வேகத்தில் பயிற்சி பெற்ற ஆட்கள் போகவில்லை. மதிப்பூதியத்துக்கு அமர்த்தப்பட்டவர்கள் கையில் சாவி இருந்தது. அவற்றில் பல பின்னால் பூட்டிக் கிடந்தது நாடறிந்தது.

இங்கே சில மறுப்புகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். முதலாவது வலுவானது. பல்கலைக்கழகப் பட்டம் வந்திராவிட்டால் நூலகர் என்றும் எழுத்தராகவே இருந்திருப்பார் என்பார்கள். உண்மை. 1957-ல் பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. அமைத்த நூலகக் குழுவுக்கு ரங்கநாதன் தலைமை வகித்தார். உயர்கல்வி நூலகர்களுக்கு ஆசிரியருக்கு இணையான ஊதியம் வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. பட்டம் இல்லாமல் அந்தக் கோரிக்கைக்குக் காலூன்ற இடம் கிடைத்திருக்காது. நான் பட்டத்தை எதிர்க்கவில்லை. பட்டம் வந்தபோது கோடைப் பள்ளி ஏன் போனது என்று கேட்கிறேன். இரண்டும் ஒன்றுக்கு மாற்றாக ஒன்று அல்ல. மருத்துவப் பட்டம் பெற்றவர் புதிய மருந்தைப் பற்றி அறிந்துகொள்ளத் தேவையில்லை என்று யாரும் சொல்வதில்லை. இருபத்தைந்து வயதில் பெற்ற நூலகச் சான்றிதழை மட்டும் ஐம்பத்தெட்டு வயது வரை செல்லும் என்று எடுத்துக்கொள்கிறோம்.

இரண்டாவது மறுப்பு மானிய நூலகர்களிடமிருந்தே வரும்: வீட்டு வாடகைக்கே போதாத ஊதியம் தந்துவிட்டுப் பயிற்சிக்கு வா என்றால் எப்படி? இந்தக் கோபம் நியாயமானது. ஊதிய விகிதம் கேட்டு மகாராஷ்டிரத்து நூலக ஊழியர்கள் பல ஆண்டுகளாகப் போராடி வருகிறார்கள். ஆனால் ஊதியம் முதலில், பயிற்சி பிறகு என்று வரிசைப்படுத்தினால் இரண்டுமே வராமல் போகும் என்றுதான் வரலாறு காட்டுகிறது. 1931-ல் வெளிவந்த ஐந்து விதிகள் நூலில் நூலகப் பணியாளரின் கல்வியையும் ஊதியத்தையும் ரங்கநாதன் ஒரே பேச்சாகவே பேசுகிறார். சாவி வைத்திருப்பவர் என்ற நினைப்பு இருக்கும்வரை அரசு சாவிக்குரிய கூலியைத்தான் தரும். பயிற்சி நாள்களைப் பணி நாள்களாகக் கணக்கிட்டு, அதற்குரிய செலவை மானியத்திலேயே சேர்த்தால் நூலகரின் சுமை கூடாது. அவருடைய கோரிக்கைக்குச் சான்றும் கூடும்.

கைப்பேசி வந்த பிறகு நூலகரே எதற்கு என்பது மூன்றாவது. ஆலைத் தொழிலாளியின் குடும்பம் ஒன்று எதையெல்லாம் கேட்டு நூலகத்துக்கு வரக்கூடும் என்று பார்த்தாலே இதற்குப் பதில் கிடைக்கும். மகளுக்கு அரசுப் போட்டித் தேர்வுப் புத்தகம் வேண்டும். பழைய பதிப்பா புதிய பாடத்திட்டமா என்று சொல்ல ஆள் வேண்டும். ஓய்வுபெற்ற தந்தைக்கு ஓய்வூதியச் சான்றை இணையத்தில் பதிவது எப்படி என்று யாராவது பொறுமையாகக் காட்ட வேண்டும். வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் மராத்தி படிக்கும் பையனுக்கு இரண்டு மொழியிலும் படக்கதை வேண்டும். வங்கியின் பெயரில் வரும் போலிக் குறுஞ்செய்தியைத் தாய் நம்பிவிடாமல் இருக்க ஒருவர் விளக்க வேண்டும். இவற்றில் சில 1990-ல் நூலகவியல் படித்தவரின் பாடத்தில் இருந்திருக்கவே முடியாது. கைப்பேசி நூலகரின் வேலையைக் கூட்டியிருக்கிறது. கற்க வேண்டியதையும் கூட்டியிருக்கிறது. யுனெஸ்கோவின் 1994 பொது நூலக அறிக்கை நூலகருக்குத் தொடர் கல்வி தவிர்க்க முடியாதது என்று சொன்னபோது இணையம் இந்தியப் பொதுமக்களுக்கு வந்திருக்கவே இல்லை.

இத்தகைய ஏற்பாடு நம் நாட்டில் நடக்காது என்று சொல்லவும் முடியாது. கல்லூரி நூலகர்களுக்கு அது நடந்தது. 1987 முதல் யு.ஜி.சி. அமைத்த பணியாளர் கல்லூரிகளில் ஆசிரியரோடு நூலகரும் புத்தொளிப் பயிற்சிக்குப் போகத் தொடங்கினார். அந்தப் பயிற்சி அவருடைய பதவி உயர்வோடு இணைந்திருக்கிறது. விடுப்பு உண்டு, சான்று உண்டு, பயனும் உண்டு. புனேயில் அந்த மையம் இயங்கிய பல்கலைக்கழகம் கட்கியை ஒட்டிய கணேஷ்கிண்டில்தான் இருக்கிறது. பல நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து கல்லூரி நூலகர்கள் வந்து கற்ற வளாகத்துக்குப் பக்கத்து ஊரின் வாசகசாலை ஊழியர் வருவதற்குச் சாலை இருந்தது, விதிதான் இல்லை. கொல்கத்தாவின் ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளை 1972 முதல் பொது நூலகங்களுக்கு உதவி வருகிறது. கருத்தரங்குக்கும் பயிற்சிக்கும் நிதி தருகிறது. நல்லதுதான். ஆனால் எப்போதாவது வரும் இரண்டு நாள் பயிலரங்கு, ஊதியத்தோடும் உயர்வோடும் இணையாதவரை, போனவருடைய தனிப்பட்ட ஆர்வத்தோடு நின்றுவிடும்.

கன்டோன்மென்ட்களில் குடிமக்கள் வாழும் பகுதிகளைப் பிரித்து அருகிலுள்ள உள்ளாட்சிகளோடு இணைப்பது என்று ஒன்றிய அரசு முடிவெடுத்திருக்கிறது. 2023-ல் இமாசலப் பிரதேசத்தின் யோல் அதற்கு முதல் எடுத்துக்காட்டானது. கட்கியை புனே மாநகராட்சியோடு சேர்ப்பது பற்றியும் பேச்சு நடந்து வருகிறது. சொத்து, ஊழியர், ஓய்வூதியம், சாலை, மருத்துவமனை என்று பட்டியல் போடும்போது நூலகத்துக்கும் ஒரு வரி ஒதுக்கப்படலாம்: கட்டடம் இத்தனை, நூல் இத்தனை என்று. அதற்கடுத்த வரியில் எழுத வேண்டியவை இவை: நூலகர் ஆண்டுக்கு எத்தனை நாள் பயிற்சிக்காக விடுவிக்கப்படுவார், அந்த நாள்களின் ஊதியத்தை மாநில நூலக இயக்ககம் தருமா, மாநகராட்சி தருமா, அவர் இல்லாத நாளில் வாசகருக்குக் கதவைத் திறப்பது யார், மராத்தியில் நடக்கும் அந்த வகுப்பில் தமிழ், தெலுங்கு, உருது வாசகரை எப்படிக் கவனிப்பது என்பதற்கு ஒரு பாடம் உண்டா. கணேஷ்கிண்டில் வகுப்பறைகள் இருக்கின்றன. கோடை விடுமுறையில் அவற்றில் பெரும்பாலானவை காலியாகவே இருக்கும்.